நாலாவது அறையில் நின்ற வோல்டேஜ்

போன வாரம் எங்கள் பிடோக் வீட்டில் தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலின் பிளக் கருகிவிட்டது. பெரிய விபத்து ஒன்றுமில்லை. சுவிட்சை அணைத்துப் பிடுங்கிப் போட்டேன், அவ்வளவுதான். ஆனால் வாடை மட்டும் சமையலறையை விட்டுப் போகவில்லை. மருமகள் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, “புதுசு வாங்கிக்கலாம் மாமா, நீங்க உட்கார்ந்து பிரிக்க ஆரம்பிச்சிடாதீங்க” என்றாள். என் குணம் அவளுக்குத் தெரியும். நான் பிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த வாடையை முகர்ந்தபடி உட்கார்ந்திருந்தேன். வயதானவர்கள் இப்படி எதையாவது செய்தால் வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை, அது ஒரு வசதி.

இந்தக் கருகல் வாடை என்னைக் கொண்டுபோய் விடும் இடம் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. ஐம்பதுகளின் பிற்பகுதி. கீழே மிளகாய், மல்லி அரைக்கும் மில், மேலே ஆறு குடித்தனம். அந்த மாதிரிக் கடைவீடுகளை நீங்கள் இப்போது பளபளவென்று வர்ணம் பூசிய நிலையில்தான் பார்த்திருப்பீர்கள். அன்று மாடி முழுவதும் ஒரே நீளக் கூடம். அதைப் பலகையால் தடுத்து ஆறு அறை ஆக்கியிருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு குறுகிய நடை. தடுப்பு உத்தரம் வரை எட்டாது, அதனால் ஒருவர் தும்மினால் ஆறு வீட்டிலும் கேட்கும். மில் ஓடும் நாளில் எல்லோருமே தும்முவோம். தெருப்பக்கத்து முதல் அறைக்கு ஜன்னல் உண்டு. கடைசி அறைக்குக் காற்றும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. கடைசி அறை எங்களுடையது.

மாடி முழுவதையும் மொத்தமாக வாடகைக்கு எடுத்து எங்களுக்கு அறை அறையாக விட்டிருந்தவர் கோவிந்தராசு. முதல் அறையில் இருந்தார். மின்சார மீட்டர் அவர் பெயரில், ஆகவே மின்சாரமும் அவர் வீட்டுச் சொத்து. அறைக்கு ஒரு விளக்கு, இருபத்தைந்து வாட். அதையும் அவரே வாங்கி வந்து, கண்ணாடியின் கழுத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்து, அவர் கையாலேயே மாட்டுவார். யாரும் நாற்பது வாட்டை மாற்றி மாட்டிவிடக் கூடாதாம். மாதத்துக்கு ஒருமுறை நடையில் நடந்து எல்லாப் புள்ளியையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போவார். கோயில் பிராகாரம் சுற்றுகிறவர் தோற்றுப்போவார். விளக்கைத் தவிர வேறு எதையும் மாட்டக் கூடாது. ரேடியோ அவர் ஒருவரிடம்தான் இருந்தது, அது அவருக்கே அவர் கொடுத்துக்கொண்ட அனுமதி.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பாள். தைத்ததைப் பின்கட்டுச் சமையலறையில் கரிப்பெட்டியால் தேய்த்து, மடித்து, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பாள். கரி விழுந்து ஒரு பொட்டு ஓட்டை விழுந்தாலும் துணிக்காரிக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தேய்ப்பாள். எனக்குப் பத்தொன்பது வயது. பகலில் ஜாலான் புசாரில் மோட்டார் சுற்றும் பட்டறையில் வேலை, சாயங்காலம் தொழிற்கல்வி வகுப்பு.

அந்த வகுப்பில்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. வோல்டை ஆம்பியரால் வகுத்தால் தடை, ஓம் என்பார்கள். அதே வோல்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், அதாவது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்ற கணக்கு. ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல். மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. இதைக் கற்றுக்கொண்டதும் உலகமே என் கைக்குள் வந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் மின்விசிறியின் தடை என்ன என்று போட்டுப் பார்ப்பேன். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகையின் விளக்குகளைக் கூட்டிப் பெருக்குவேன். கணக்கு சரியாக இருந்தால் மனிதர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்பியிருந்தேன். பத்தொன்பது வயதில் நம்பக்கூடிய விஷயம்தான்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் விளக்கு மங்கத் தொடங்கியது. இருட்டி, எல்லோரும் விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் திடீரென்று பழுத்த மஞ்சளாகிவிடும். கோவிந்தராசுவின் ரேடியோ தொண்டை கட்டியது போல இறங்கும். அரை மணி நேரம் இப்படி விட்டு விட்டு நடந்து, பிறகு சரியாகிவிடும். அந்த நேரம் நடையில் ஒரு கருகல் வாடையும் வரும், பழைய இணைப்புகள் சூடேறுகிற வாடை. யாரோ விளக்கைக் கழற்றி, அந்த ஹோல்டரில் மின்சார இஸ்திரிப்பெட்டியை மாட்டுகிறார்கள் என்பது எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. ஊர் முழுக்க அப்படித்தான் திருட்டு இஸ்திரி போடுவார்கள். யார் என்பதுதான் கேள்வி.

கோவிந்தராசு தன் வழியில் துப்புத் துலக்கினார். மங்குகிற நேரத்தில் நடையில் வந்து நின்று, எந்த அறை அதிகமாக மங்குகிறது என்று பார்த்தார். முதல் அறைகளில் தெருவிளக்கின் வெளிச்சம் விழும், அங்கே மங்குவது தெரியாது. நாலாவது அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். ஐந்தாவது அறைப் பால்காரர் வீட்டு வாசலில் கோணிப்படுதா. ஜன்னலே இல்லாத எங்கள் அறைதான் ஒரேயடியாகச் செத்துப்போன மாதிரி தெரியும். போதாததற்கு அம்மாவின் கையில் மடிப்புக் கலையாத ரவிக்கைகள். எங்கே அதிகமாக மங்குகிறதோ அங்கேதான் திருட்டு என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கேட்டவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒருநாள் சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மாவைப் பார்த்துப் பேசவில்லை, அப்பாவைப் பார்த்துப் பேசினார். ஆனால் குரல் ஆறு அறைக்கும் போதுமானதாக இருந்தது.

“பகல்ல எல்லாரும் பார்க்கக் கரி, சாயங்காலம் என் கரண்ட். பொம்பளையக் கண்டிச்சு வைக்கத் தெரியாதா உனக்கு? மாசக் கடைசிக்குள்ள அறையக் காலி பண்ணிடு.”

அப்பா, “அப்படியெல்லாம் இல்லண்ணே” என்று மெல்லச் சொன்னார். அந்தக் காலத்தில் தமிழ்க் குடும்பத்துக்கு அந்த வட்டாரத்தில் இன்னோர் அறை கிடைப்பது லேசில்லை. திருட்டுப் பட்டத்தோடு வெளியேறுகிறவர்களுக்கு அறவே கிடைக்காது. பட்டறை, வகுப்பு, அம்மாவின் ரவிக்கைக்காரிகள், எல்லாமே அந்தச் சந்துப் பக்கத்தில்தான் இருந்தன.

மறுநாள் அம்மா பைப்படிக்குப் போயிருந்தபோது அப்பா இரும்புப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். பிறகு பாயைத் தூக்கிப் பார்த்தார், தையல் கூடையைக் கிளறினார். என்ன தேடுகிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அம்மா குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அரிசி களைய உட்கார்ந்தாள். அப்பாவின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை முழுதாக ஆறவில்லை.

அன்று பைப்படியில் நின்றபோதுதான் எனக்கு யோசனை வந்தது. ஒரே குழாயில் வரிசையாக ஆறு பைப்பு. நடுவில் ஒருவர் முழுசாகத் திறந்துவிட்டால் அவருக்கு அப்பால் இருக்கிற எல்லோருக்கும் தண்ணீர் நூலாகத்தான் வரும். கடைசி ஆளுக்கு நூலாக வருவதால் அவன்தான் தண்ணீரைத் திருடுகிறான் என்று சொல்ல முடியுமா? எங்கள் மாடியிலும் ஒரே வயர்தான் மீட்டரில் தொடங்கி நடையின் மேலே அறை அறையாகப் போகும். ஒவ்வொரு வாசலுக்கு மேலும் ஒரு மரக்கட்டை, அதில் இணைப்பு. இஸ்திரிப்பெட்டி ஓடும்போது மீட்டரிலிருந்து அந்த அறை வரை வோல்டேஜ் படிப்படியாக இறங்கும். அந்த அறையைத் தாண்டினால் மேற்கொண்டு இறங்காது. இறக்கம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் திருடன்.

பட்டறை மேஸ்திரி ஆ செங்கிடம் வோல்ட் அளக்கும் மீட்டரை இரவல் கேட்டேன். அவரும் நானும் பேசிக்கொள்வது கடைத்தெரு மலாயில்தான். “ஜாங்கான் ரோசாக் லா” என்றார். உடைத்துவிடாதே என்று அர்த்தம். கூடவே ஈயம் பற்றவைக்கும் பெரிய சூட்டுக்கோல் ஒன்றையும் வாங்கிக்கொண்டேன். அது எதற்கு என்றால், வயரின் தடை எனக்குத் தெரிய வேண்டும். அதற்குத் தெரிந்த ஒரு மின்னோட்டத்தை அதில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லா விளக்கும் அணைந்திருந்த நேரத்தில், எங்கள் அறை விளக்கைக் கழற்றிச் சூட்டுக்கோலை மாட்டினேன். ஒரு ஆம்பியர் ஓடியது. மீட்டரடிக்கும் நாலாவது வாசலுக்கும் நடுவே ஆறு வோல்ட் குறைந்தது. ஆறை ஒன்றால் வகுத்தால் ஆறு ஓம். அன்று சாயங்காலம் விளக்கு மங்கியதும், இணைப்பு சூடேறுகிறது, பார்க்கிறேன் என்று கோவிந்தராசுவிடம் சொல்லிவிட்டு, முக்காலியோடு வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். மூன்றாவது கட்டையில் ஒரு மின்சார அடியும் வாங்கினேன், தோள் வரை விண்ணென்று தெறித்தது. மீட்டரடியில் 229. முதல் வாசலில் 226. பிறகு 222, 219. நாலாவது வாசலில் 217. ஐந்தாவதிலும் 217. எங்கள் வாசலிலும் 217.

நாலாவது அறை வரை பன்னிரண்டு வோல்ட் இறக்கம். ஆறு ஓமால் வகுத்தால் இரண்டு ஆம்பியர். 217-ஐ இரண்டால் பெருக்கினால் 434 வாட். விளக்குகளின் பங்கு அதில் கொசுறுதான். அந்த அளவு மின்சாரம் தின்கிற சாமான் அன்றைக்கு ஒரு வீட்டில் வேறு என்ன இருக்க முடியும்? இஸ்திரிப்பெட்டிதான்.

கணக்குத் தாளைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். நம் அறையில் எடுக்கவில்லை, கணக்கே சொல்கிறது என்றேன். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

“அது எனக்கு முன்னாடியே தெரியுமேடா. உங்கப்பாகிட்டச் சொல்லு.”

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

நாலாவது அறையில் இருந்தவர் தணிகாசலம். கப்பல் கம்பெனி ஒன்றில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா, அதனால் எல்லோருக்கும் கிராணியார். குடும்பம் ஊரில். வெள்ளைச் சிலுவார் என்கிற முழுக்கால் சட்டை, வெள்ளை மேல்சட்டை. சிலுவாரின் மடிப்பைத் தொட்டால் கை கிழியும் என்று பையன்கள் கேலி பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபேரர் பார்க் திடலில் அந்த மடிப்பு கலையாமல் உலாவிவிட்டு வருவார். இத்தனை நேர்த்தியாக யார் தேய்க்கிறார்கள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கிராணியார் துணி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். தமிழ் மன்றத்தில் மேடையேறிப் பேசுவார். அதைவிட முக்கியம், அந்த மாடியில் இங்கிலீஷ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். குடியுரிமைக்கு நிரப்பும் பாரம், முதலாளிக்கு மனு, ஆஸ்பத்திரிக் கடிதம், எல்லாம் அவர் கையால்தான் போக வேண்டும். என் இங்கிலீஷ் வோல்ட், ஆம்பியரோடு சரி.

அடுத்த ஞாயிறு காலை எல்லோரையும் நடையில் கூட்டச் சொல்லிக் கோவிந்தராசுவைக் கேட்டுக்கொண்டேன். வந்தார்கள். பெண்கள் வாசல்களில் நின்றார்கள். நான் பைப்படியில் தொடங்கிப் பொறுமையாகச் சொன்னேன். குழாய் உதாரணம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. கோவிந்தராசு தாடையைச் சொறிந்தபடி தலையை ஆட்டினார். பெருக்கலையும் வகுத்தலையும் சொல்லி, இறக்கம் நாலாவது வாசலோடு நின்றுவிடுகிறது என்று முடித்தேன். யார் பெயரையும் சொல்லவில்லை. ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

கிராணியாருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் என்னை முதலில் பயமுறுத்தியது. கையை நீட்டித் தாளை வாங்கினார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். அருமையான கணக்கு என்று மெச்சினார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்து, மேடையில் பேசுகிற தமிழில் கேட்டார்.

“ஆறாவது அறையில் ஒரு ஆம்பியர் என்று நீயே எழுதியிருக்கிறாயே தம்பி. எதை மாட்டினாய்?”

சூட்டுக்கோல் என்றேன். அளப்பதற்காக என்றேன்.

“வோல்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். இப்போதுதான் சொல்லிக் கொடுத்தாய். இருநூற்று முப்பது வாட். உங்கள் அறைக்கு அனுமதி எவ்வளவு?”

இருபத்தைந்து என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். நான் சொல்லிக்கொடுத்த பெருக்கலை வைத்தே என்னை அடித்துவிட்டார். அந்த மாடியில் விளக்கைக் கழற்றி வேறொன்றை மாட்டியதாக எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் நான்தான். தட்டுத்தடுமாறி, நாலாவது அறையைத் திறந்து பார்க்கலாமே என்றேன். கோவிந்தராசு என்னை முறைத்தார். கிராணியார் அறையைச் சோதனை போடுவதா, என்ன பேச்சு இது என்றார்.

பால்காரரைப் பார்த்தேன். இஸ்திரி ஓடும்போது அவர் வீட்டு விளக்கும் எங்கள் வீட்டு விளக்கு அளவுக்கே மங்குகிறது. அதை ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் அடுத்த திருடன் அவர்தான், அவருடைய பாரம் வேறு கிராணியார் மேசையில் கிடந்தது. மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு பாரம், ஆளுக்கொரு மனு. கிராணியார் தாளை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார்.

“தாயைக் காப்பாற்ற நினைப்பது மகனுக்கு இயல்பு. அவனை மன்னித்துவிடுவோம்.”

திருடியவன் மன்னித்தான். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் போட்ட கணக்கில் ஒரு புள்ளி பிழை கிடையாது, இன்றும் யாரிடம் வேண்டுமானாலும் காட்டுவேன்.

அம்மாதான் அதை முடித்து வைத்தாள். “வாங்க, சாமானைக் கட்டலாம்” என்று உள்ளே போனாள். மாசக் கடைசி வரைகூடக் காத்திருக்கவில்லை. அடுத்த இரண்டு நாளில் கிளம்பினோம். தட்டுமுட்டுச் சாமான் பாதி கட்டி முடிவதற்குள் கோவிந்தராசு வந்து, முக்காலியில் ஏறித் தன் சிவப்புப் புள்ளி விளக்கைக் கழற்றிக்கொண்டு போனார். மீதியை இருட்டில் தடவித் தடவிக் கட்டினோம். கிராணியார் அறைக் கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது.

பாயா லேபார்ப் பக்கம் கம்பத்தில், அதாவது ஒரு கிராமத்தில், ஓர் அத்தாப்பு ஓலைக் குடிசை கிடைத்தது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் விளக்குதான். பட்டறைக்கு மட்டும் எப்படியோ போய் வந்தேன். வகுப்பு பாதியில் நின்றது, கம்பத்துக்குக் கடைசி பஸ் வகுப்பு முடிவதற்கு முன்பே போய்விடும். ரவிக்கைக்காரிகள் அவ்வளவு தூரம் வரவில்லை, அவர்கள் காதுக்கும் செய்தி போயிருந்தது. தையல் ஊசியை அம்மா எங்கள் கிழிசலுக்கு மட்டும் எடுத்தாள்.

சில மாதம் கழித்துத் தேக்கா மார்க்கெட்டில் பால்காரரைப் பார்த்தேன். நலம் விசாரித்தார். அம்மாவுக்கென்று கீரைக்கட்டு ஒன்று வாங்கி என் கையில் திணித்தார். பிறகு யாரும் கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

“இப்பவும் மங்குதுப்பா.”

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எங்கே போறது சொல்லு என்றார். கோவிந்தராசுவுக்கும் தெரியும், எல்லோருக்குமே தெரியும், யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்றார். அம்மாவிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்றேன். கட்டாயம் வருவதாகச் சொன்னார். அவர் வரவில்லை. கீரையை வழியில் வீசி எறிந்துவிட்டேன்.

அறுபதுகளின் கடைசியில் எங்களுக்குத் தோ பாயோவில் அரசாங்க வீடு கிடைத்தது. சொந்த மீட்டர், அறைக்கு அறை சுவிட்சு. குடிபோன பிறகு தன் முதல் சம்பளம் வந்ததும் அப்பா ஒரு மின்சார இஸ்திரிப்பெட்டி வாங்கி வந்து மேசையில் வைத்தார். அம்மா கடைசிவரை அதைத் தொடவில்லை. அப்பா தன் சட்டையைத் தானே தேய்த்துக்கொள்வார், மடிப்பு கோணல்மாணலாக விழும்.

அந்த வீட்டிலும் லிஃப்ட் கிளம்பும்போது, மழையில் இடி விழும்போது, எப்போதாவது விளக்கு ஒரு கணம் மங்கும். அம்மா செய்துகொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வெளியே பொது நடைபாதைக்கு வந்துவிடுவாள். வெறும் கை இரண்டும் தெரிகிற மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு நிற்பாள். விளக்கு சரியாகிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே வருவாள். பக்கத்து வீட்டுச் சீனத்தம்மாள், காற்று வாங்க வந்திருக்கிறாள் என்று நினைத்துச் சிரிப்பாள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா, இது நம்ம வீடு, நம்ம மீட்டர், நாம எவ்வளவு எடுத்தாலும் கேட்க ஆளில்லை என்றேன்.

“தெரியும்டா. யாராச்சும் வந்தா, நான் வெளிய நிக்கிறதப் பார்க்கட்டும்.”

அந்தக் கடைவீட்டு மாடி இப்போது சின்ன ஹோட்டலாகிவிட்டது. பலகைத் தடுப்பு, நடை, மரக்கட்டை எதுவும் இல்லை. கோவிந்தராசு இல்லை, கிராணியார் இல்லை, பால்காரர் இல்லை. அம்மாவும் போய்விட்டாள். போகும்வரை, விளக்கு மங்கிய போதெல்லாம் அவள் வெளியே வந்து நின்றாள். பார்க்க ஒருவர்கூட வரவில்லை.